வீட்டை விற்றுவிட்டு இத்தாலிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. பொதுப்பணித்துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். இருவருடைய ஓய்வூதியமும் சேர்த்து மாதம் 1,28,000 ரூபாய். கோவையில் சொந்த வீடு, மாடி வாடகை 28,000 வருகிறது. வங்கியில் டெபாசிட் 1.1 கோடி. ஒரே மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். அவனோடு ஒரு மே மாதம் சிசிலியில் சம்பூகா என்ற சிறிய ஊருக்குப் போயிருந்தோம். அன்றிலிருந்து மிச்ச வாழ்க்கையை அங்கே கழிக்க வேண்டும் என்று ஆசை. ஒரு யூரோவுக்கு வீடு தருகிறார்களாமே? வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு 7 சதவீதம்தான் வரி என்கிறார்களே? கோவை வீட்டை விற்றால் 1.8 கோடி கிடைக்கும், விற்றுவிட்டுப் போகலாமா? மனைவிக்கு அவ்வளவாக விருப்பமில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.
- கோவை வாசகர்

சார், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்காதீர்கள். நிரந்தரமாகக் குடிபோகும் விசாவுக்கு இப்போது விண்ணப்பிக்கவும் வேண்டாம். ஆனால் சம்பூகாவுக்குப் போங்கள், ஆண்டுக்கு நான்கைந்து மாதம் இருந்துவிட்டும் வாருங்கள், அதற்கு முறையான வழி இருக்கிறது, பிற்பாடு சொல்கிறேன். நான் ஆடிட்டர், எண்களிலிருந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும். அதனால் முதலில் ஏன் வேண்டாம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

வேலை பார்க்காமல், தொழில் செய்யாமல், தன் வருமானத்தில் இத்தாலியில் வாழ விரும்பும் வெளிநாட்டவருக்கென்று ஒரு விசா உண்டு, ரெசிதென்சா எலெத்திவா என்று பெயர். ஓய்வூதியம், வாடகை, வட்டி, ஈவுத்தொகை மாதிரி உழைக்காமல் வருகிற வருமானத்தைத்தான் அதற்குக் கணக்கில் எடுப்பார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு கோவைக் கம்பெனிக்கு ஆன்லைனில் கன்சல்டன்சி செய்கிறேன் என்றால்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தூதரகங்கள் பொதுவாகக் கேட்பது ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 31,000 யூரோ, மனைவிக்கு அதன்மேல் 20 சதவீதம், ஆக 37,200. முழு எண்ணாக 38,000 என்று கேட்பவர்களும் உண்டு. இது குறைந்தபட்சம்தான், இதைத் தொட்டுவிட்டால் விசா நிச்சயம் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். கடைசி முடிவு தூதரகத்தின் கையில்.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஓய்வூதியம் ஆண்டுக்கு 15.36 லட்சம், வாடகை 3.36 லட்சம், டெபாசிட்டுக்கு 7 சதவீதம் என்று தாராளமாக வைத்தால் 7.7 லட்சம். மொத்தம் 26.42 லட்சம். யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது, இருந்தாலும் உங்களுக்குச் சாதகமாக 100 என்றே வைத்துக்கொள்கிறேன், 26,420 யூரோ வருகிறது. 37,200-க்கு இன்னும் கிட்டத்தட்ட 11,000 குறைகிறது. வீட்டை விற்று 1.8 கோடியை வங்கியில் போட்டால் 12.6 லட்சம் வட்டி வரும், பள்ளம் நிரம்பிவிடும் என்று நீங்கள் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள் சார். மாடி வாடகை அந்த வீட்டிலிருந்துதானே வருகிறது? வீடு போனால் 3.36 லட்சமும் போய்விடும். நிகரமாகக் கூடுவது 9.24 லட்சம்தான், மொத்தம் 35.66 லட்சம், அதாவது 35,660 யூரோ. இருக்கிற ஒரே வீட்டை விற்ற பிறகும் குறைந்தபட்ச அளவை எட்டவில்லை. இன்னும் மூலதன ஆதாய வரி, புரோக்கர் கமிஷன் எதையும் நான் கழிக்கவே இல்லை.

சரி, மகன் கொஞ்சம் உதவுவான், எப்படியோ எண்ணைத் தொட்டுவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும் (மகன் அனுப்பும் பணத்தை உங்கள் வருமானமாக ஏற்பார்கள் என்று நம்ப வேண்டாம்) எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. உங்கள் வருமானம் முழுவதும் ரூபாயில், செலவு முழுவதும் யூரோவில். 2015-இல் ஒரு யூரோ சுமார் 70 ரூபாய், 2025-இல் 100-ஐத் தாண்டியது. அடுத்த பத்தாண்டும் இதே வேகத்தில் போனால் 140-ஐத் தாண்டும். அன்றைக்கு இதே 35.66 லட்சம் 25,000 யூரோவாகச் சுருங்கியிருக்கும். அகவிலைப்படி உயரும், உண்மைதான், ஆனால் அது ஓய்வூதியத்துக்கு மட்டும். டெபாசிட் வட்டிக்கு அகவிலைப்படி கிடையாது. வீட்டை விற்று வட்டியாக மாற்றுவது என்றால், விலைவாசியோடு சேர்ந்து வளரக்கூடிய ஒரே சொத்தைக் கொடுத்துவிட்டு வளராத ஒன்றை வாங்குவது. அந்த விசாவில் போனபின் கிடைக்கும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் வருமானத்தை மறுபடி காட்ட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். 72 வயதில், கோவையில் வீடு இல்லாத நிலையில், வருமானம் போதவில்லை என்று ஒரு கடிதம் வந்தால் எங்கே போவீர்கள்?

ஒரு யூரோ வீடு. பொய் இல்லை, ஆனால் நீங்கள் நினைக்கிற வீடு இல்லை. 2019-இல் சம்பூகா நகராட்சி 16 பாழடைந்த வீடுகளை ஏலம் விட்டது. ஆரம்ப விலைதான் ஒரு யூரோ, ஏலம் முடிந்தபோது பலவும் ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போயின. அதே ஊர் 2021-இல் இரண்டு யூரோ என்றும் 2024-இல் மூன்று யூரோ என்றும் ஆரம்ப விலை வைத்து மறுபடி விற்றது, நல்ல விளம்பரம். 1968-இல் பெலிச்சே பள்ளத்தாக்கில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகும், பிழைப்புத் தேடி ஆட்கள் வெளியேறிய பிறகும் விடப்பட்ட வீடுகள் அவை. கூரை இருந்தால் பாக்கியம். வாங்குபவர் 5,000 யூரோ ஈட்டுத்தொகை கட்டி, மூன்று ஆண்டுக்குள் புதுப்பித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பணம் போய்விடும். நீங்கள் பொறியாளர், பழைய கல் கட்டடத்துக்குள் குழாயும் மின்கம்பியும் இழுப்பது என்ன செலவு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் தோராயக் கணக்கில் சதுர மீட்டருக்கு ஆயிரம் யூரோவுக்குக் குறையாது. முக்கியமான சங்கதி, விசாவுக்குக் குடியிருக்கத் தகுதியான வீடு கையில் இருக்க வேண்டும், இடிந்த வீட்டின் பத்திரத்தைக் காட்டி அந்த விசா வாங்க முடியாது.

வாங்குவதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இத்தாலியில் குடியிருப்பு அனுமதி இல்லாத வெளிநாட்டவர் சொத்து வாங்கினால், உங்கள் நாட்டில் எங்கள் ஆட்களை வாங்க விடுகிறீர்களா என்று பரஸ்பர நிபந்தனையைப் பார்ப்பார்கள். இந்தியாவில் குடியிருக்காத வெளிநாட்டவர் இங்கே சாதாரணமாக வீடு வாங்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். நோட்டரி இதைக் கேட்காமல் விட மாட்டார். அங்கே நோட்டரி என்றால் நம் ஊரில் நீதிமன்ற வாசலில் முத்திரை குத்திக் கொடுப்பவர் இல்லை, பத்திரப் பதிவே அவர் மூலமாகத்தான். ஆகவே வாங்குகிற பேச்சே இப்போது வேண்டாம், வாடகைதான். வாடகையிலும் ஒரு சிக்கல் உண்டு. விசா கிடைக்கும் முன்பே பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்வார்கள், விசா மறுத்தால் முன்பணமும் வாடகையும் வீண். என்றைக்காவது அந்த விசாவுக்குப் போனால், விசா கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்து என்று ஒரு ஷரத்து எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த 7 சதவீதம். யூடியூபில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். 2019 பட்ஜெட் சட்டத்தில் வந்த சலுகை இது. சிசிலி, சார்தீனியா, கலாப்ரியா, பூலியா, பசிலிக்காத்தா, கம்பானியா, மோலிசே, அப்ரூத்ஸோ ஆகிய தென்பகுதி மாநிலங்களில் சிற்றூருக்குக் குடிவரும் வெளிநாட்டு ஓய்வூதியர்கள், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் இத்தாலியில் வரிக் குடியிருப்பாளராக இருந்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, வெளிநாட்டு வருமானம் முழுவதற்கும் பத்தாண்டு வரை 7 சதவீதம் கட்டினால் போதும். சட்டம் வந்தபோது மக்கள்தொகை வரம்பு 20,000. சம்பூகாவில் ஆறாயிரம் பேர்கூட இல்லை, அதனால் தகுதி உண்டு. படங்களில் பார்த்து மயங்கும் ஒஸ்தூனி, நோத்தோ இரண்டுமே 20,000-க்கு மேல், அந்த வரம்புக்கு வெளியே. சாதாரண வரி விகிதம் 28,000 யூரோ வரை 23 சதவீதம், 50,000-க்கு மேல் 43 என்று ஏறுகிறது, மாநில, நகராட்சிக் கூடுதல் வரிகள் தனி. அதோடு ஒப்பிட்டால் 7 பெரிய சலுகைதான். வெளிநாட்டில் உள்ள சொத்துக்கும் டெபாசிட்டுக்கும் இத்தாலி போடும் சொத்து வரிகளிலிருந்தும் விலக்கு கிடைக்கும்.

ஆனால் அது உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்த சட்டம் இல்லை. உங்கள் இருவருடையதும் அரசு ஓய்வூதியம். இந்தியா, இத்தாலி இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் அரசுப் பணிக்கான ஓய்வூதியத்துக்கும் தனியார் ஓய்வூதியத்துக்கும் விதி வேறு. அரசு ஓய்வூதியத்துக்கு அதைக் கொடுக்கும் நாடுதான் வரி போடும் என்பதே அடிப்படை. ஆக அந்த 15.36 லட்சத்துக்கு எப்படியும் வரி இங்கேதான். வாடகைக்கும் வட்டிக்கும் இங்கே வரி பிடித்த பிறகு அங்கே 7 சதவீதம் கட்ட வேண்டும். அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவந்த நாட்டு வருமானத்துக்கு, வெளியே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள இடம் இல்லை. பெரிய தனியார் ஓய்வூதியமும் பல நாட்டு முதலீடும் இருப்பவருக்கு இது அதிர்ஷ்டம். உங்களுக்கு இது ஒரு கூடுதல் செலவு, சின்னதுதான், ஆனால் செலவுதான்.

இந்தப் பக்கத்திலும் உங்கள் நிலைமை மாறும். அங்கே குடியேறி என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்ற வேண்டும். டெபாசிட் வட்டியில் இப்போது 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அப்போது 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். மாடியில் குடியிருப்பவரும் வாடகையில் அதே அளவு பிடித்து அரசுக்குக் கட்டியாக வேண்டும். 28,000 வாடகைக்காக இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும் குடித்தனக்காரர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. என்.ஆர்.ஐ. ஆனபின் வீட்டை விற்றால் வாங்குபவர் முழு விற்பனைத் தொகையின் மேல் வரி பிடிப்பார், அதைக் குறைக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். 2024 ஜூலைக்கு முன் வாங்கிய வீட்டுக்கு, லாபத்தில் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், கழிக்காமல் 12.5 சதவீதம், இரண்டில் குறைவானதைக் கட்டலாம் என்ற வாய்ப்பும் இந்தியாவில் குடியிருப்பவருக்கு மட்டும்தான். என்றைக்காவது விற்றே ஆக வேண்டும் என்றால் கிளம்பும் முன் விற்பது நல்லது. இப்போது விற்கச் சொல்கிறேன் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பணத்தை விடுங்கள். நீங்கள் கடிதத்தில் எழுதாத விஷயங்கள்தான் சிற்றூர் வாழ்க்கையில் நாள்தோறும் முன்னால் வந்து நிற்கும்.

கார். சம்பூகாவில் ரயில் கிடையாது. பெரிய மருத்துவமனைக்கு ஷாக்கா போக வேண்டும், விமானத்துக்கு பலெர்மோ. கார் இல்லாமல் அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்வது கஷ்டம். அங்கே குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் ஏறிய நாளிலிருந்து ஓராண்டுதான் இந்திய லைசென்ஸ் செல்லும், அதையும் சர்வதேச அனுமதிச் சீட்டோடுதான் பயன்படுத்த வேண்டும். பிறகு இத்தாலி லைசென்ஸ். நம் லைசென்ஸை அங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், அதற்கான ஒப்பந்தம் இந்தியாவோடு இல்லை. எழுத்துத் தேர்வு இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில்தான், ஆங்கிலத்தில் இல்லை. நாற்பது ஆண்டு ஜீப்பில் அணைக்கட்டு அணைக்கட்டாகச் சுற்றிய மனிதர் 63 வயதில் இத்தாலிய மொழியில் தேர்வு எழுத உட்கார வேண்டும். முடியாதது இல்லை, செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சின்ன ஊரில் லைசென்ஸ் இல்லாத முதியவர் பால் பாக்கெட் முதல் டாக்டர் வரை எல்லாவற்றுக்கும் பக்கத்து வீட்டாரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

மருத்துவம். விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு கேட்பார்கள். குடியேறிய பிறகு பொது மருத்துவ அமைப்பில் சந்தா கட்டிச் சேரலாம், தரம் மோசமில்லை. ஆனால் ஆண்டுக்கு 388 யூரோகூட வராமல் இருந்த குறைந்தபட்சச் சந்தாவை 2024 முதல் 2,000 ஆக்கிவிட்டார்கள். உங்கள் மனைவிக்குத் தனி வருமானம் இருப்பதால் இரண்டு சந்தா என்றே கணக்கு வையுங்கள், 4 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு அங்கே உதவாது. இதற்கு மேல் தனியாக ஏதாவது மெடிகிளைம் வைத்திருந்தால், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். எழுபது வயதுக்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு திரும்பி வந்து புது பாலிசி கேட்டால் என்ன பிரீமியம் சொல்வார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

குளிர். நீங்கள் மே மாதத்தில் பார்த்தீர்கள். மே மாத சிசிலியைப் பார்த்து யாருக்குத்தான் ஆசை வராது? ஜனவரியில் அந்த மலைச்சரிவு ஊர்களில் பழைய கல் வீடு, தரையெல்லாம் ஓடு, சுவரில் ஈரம், மரத்துகள் அடுப்பு ஒன்று ஓர் அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டிருக்கும். வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் குளிர் அதிகமாகத் தெரியும் என்று அங்கே போய் இருந்த என் கட்சிக்காரர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்குக் கடை மூடினால் நான்கு மணி வரை தெருவில் ஆள் இருக்காது. சாப்பாட்டைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். பருப்பு, கொண்டைக்கடலை, கத்தரிக்காய் எல்லாம் அவர்களுடைய சமையலிலேயே உண்டு, பலெர்மோ தெருக்களில் கடலை மாவில் பொரித்து விற்கும் பனெல்லேயை டீச்சர் சாப்பிட்டுப் பார்த்தால் பஜ்ஜிக்குச் சொந்தம் என்பார். கறிவேப்பிலைக்கும் வழி உண்டு. பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள், பல்லாரோ சந்தைப் பக்கம் நம் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் சாந்தா ரோசாலியா குகைக் கோயிலுக்கு அவர்களில் கத்தோலிக்கர், இந்துக்கள் இரு தரப்பாருமே ஏறிப் போகிறார்கள். உங்களுக்குத் தமிழ்ப் பேச்சு வேண்டுமென்றால் சம்பூகாவைவிட பலெர்மோதான் சரியான இடம். ஆனால் பலெர்மோ பெரிய நகரம், 7 சதவீதச் சலுகை அங்கே இல்லை.

இன்னும் ஒன்று, யாரும் பேச விரும்பாதது. நீங்கள் அங்கே வழக்கமாக வசிப்பவராக இருந்து காலமானால், உயிலில் இந்தியச் சட்டம்தான் பொருந்த வேண்டும் என்று தெளிவாக எழுதி வைக்காவிட்டால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இத்தாலிய வாரிசுச் சட்டம் வந்து உட்காரும். அதில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, ஒரே பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு கட்டாயம், மிச்ச ஒரு பங்கைத்தான் உங்கள் இஷ்டப்படி எழுதலாம். உங்கள் குடும்பத்தில் இதனால் சண்டை வராது என்றே நினைக்கிறேன், இருந்தாலும் கோவை வீட்டுக்கு ஒரு உயில் இன்றே எழுதி வையுங்கள், இத்தாலி போனாலும் போகாவிட்டாலும். தகனம் செய்யும் வசதியும் தென் இத்தாலியில் குறைவு, வடக்கில்தான் பரவலாக இருக்கிறது.

இப்போது டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், நான் அதை முதல் வரியாகத்தான் படித்தேன். முதலில் கணக்காகவே சொல்கிறேன். இந்த விண்ணப்பமே அவருடைய ஓய்வூதியத்தையும் சேர்த்துத்தான் நிற்கிறது. உங்களுடையதை மட்டும் வைத்து ஒருவருக்கான 31,000-ஐக்கூட எட்ட முடியாது. அவர் பணத்தில் பாதி நிற்கும் ஒரு திட்டத்தில் அவர் சம்மதம் "போகப் போக" வரட்டும் என்று விடுவது நியாயமாகப் படவில்லை. அடுத்தது, யாருக்கு அங்கே என்ன நாள் காத்திருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குக் காலையில் ஊர்ச் சதுக்கத்தில் காபி, பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்பது, கல் கொத்துகிற மேஸ்திரிகளோடு கைஜாடையில் பேச்சு. அவருக்கு? முப்பது ஆண்டு வகுப்பறையில் பேசிய ஒரு மனுஷி, தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத ஊரில், பேச மொழி இல்லாமல், மூன்று வேளையும் சமைத்துக்கொண்டு இருப்பதா? ஒருவேளை அவருக்கு விருப்பமில்லாதது இத்தாலியே இல்லாமலும் இருக்கலாம், வீட்டை விற்பது மட்டுமாக இருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா? எனக்கு வரும் கடிதங்களில் கணவர்கள் விசாவைப் பற்றிப் பத்து கேள்வி கேட்கிறார்கள், மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்ற ஒரு கேள்வியை அவர்களிடம் நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, வழி என்ன? நீங்கள் அங்கே வாழத்தான் ஆசைப்படுகிறீர்கள், சட்டப்படி அங்கே குடியிருப்பாளர் ஆக வேண்டும் என்று உங்களுக்கு எந்த அவசியமும் இல்லை. இத்தாலி, ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் வரை இருக்கலாம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை ஒரு தடவை, செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை ஒரு தடவை, ஜூலை ஆகஸ்டு வெயிலும் கூட்டமும் இல்லாமல் சிசிலியின் நல்ல மாதங்கள் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைத்துவிடும். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு என்று விதியைத் தளர்த்தினார்கள்: மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு ஆண்டுக்குப் பலமுறை நுழையும் விசா, அதையும் சரியாகப் பயன்படுத்தினால் ஐந்து ஆண்டுக்கு. ஒவ்வொரு தடவையும் வரிசையில் நிற்கும் தொல்லையும் போகும்.

இதில் கோவை வீடு உங்களுடையதாகவே இருக்கும், மாடி வாடகை வரும், ஓய்வூதிய நேர்காணலுக்கு ரோமில் இருக்கும் இந்தியத் தூதரகத்தைத் தேடி ஓட வேண்டாம். ஆண்டில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருப்பதால் வரிக் குடியிருப்பும் இங்கேயே. வருமான அளவுகோல் 38,000 யூரோ என்று யாரும் கேட்க மாட்டார்கள், பயணத்துக்குப் போதுமான பணமும் 30,000 யூரோ மருத்துவப் பயணக் காப்பீடும் காட்டினால் போதும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் நிதியாண்டுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் வரை டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் 20 சதவீதம் பிடிப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். இரண்டு பேர் என்பதால் 20 லட்சம் வரை பிரச்சினையே இல்லை, உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது.

ஒரே எச்சரிக்கை, மியூனிக்கில் மகன் வீட்டில் இருக்கும் நாட்களும் அந்த 90-க்குள்தான். பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள், இத்தாலிக்கு 90, ஜெர்மனிக்குத் தனியாக 90 என்று நினைத்துக்கொண்டு. 2025 அக்டோபரில் தொடங்கிய மின்னணு எல்லைப் பதிவு முறையில் உள்ளே வந்த நாளும் வெளியே போன நாளும் கணினியில் நிற்கும், ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும், அடுத்த விசாவில் அது முகத்தில் அடிக்கும்.

முதல் தடவை பிப்ரவரியில் போங்கள், மே மாதத்தில் வேண்டாம். ஹோட்டல் வேண்டாம், சமையலறையோடு ஒரு வாடகை வீடு எடுங்கள், முடிந்தால் ஒரு மாதம் சம்பூகா, ஒரு மாதம் பலெர்மோ என்று பிரித்துக்கொள்ளுங்கள், பலெர்மோவில் எந்தத் தெருவில் தங்குவது என்பதை டீச்சரே தேர்ந்தெடுக்கட்டும். முப்பது நாளுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு இத்தாலிய வரி எண் தேவை. இலவசம்தான், அங்கே வரி அலுவலகத்தில் போய்க் கேட்டால் தருவார்கள். கார் எடுக்காமல் இருந்து பாருங்கள், அப்போதுதான் அந்த ஊரில் காலோடும் பஸ்ஸோடும் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்று தெரியும்.

பிப்ரவரிப் பயணத்துக்கு நவம்பரிலேயே விசாவுக்குப் போடுங்கள், ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே ஏற்றுக்கொள்வார்கள். விண்ணப்பம் இத்தாலிக்குத்தான் போட வேண்டும், மகன் ஜெர்மனியில் இருக்கிறான் என்பதற்காக அங்கே போடாதீர்கள், அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். மியூனிக் வழியாக இறங்கி அங்கிருந்து சிசிலி போனால், இத்தாலிக்குள் வந்த எட்டு நாளுக்குள் காவல்துறையின் குடியேற்றப் பிரிவில் வருகையைத் தெரிவித்துவிடுங்கள். நேரே இந்தியாவிலிருந்து ரோமிலோ மிலானிலோ இறங்கினால் அந்த வேலை இல்லை, எல்லையில் பதிவு செய்வதே போதும்.